இரண்டு பட்டியல்கள்: பொதுசுகாதாரத்திலும் வரித் துறையிலும் தரவு ஆய்வாளரின் வேலை

மாவட்ட சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, இரண்டு எக்செல் ஷீட்டுகளை ஒப்பிடுவது. ஒன்றில் அந்த மாவட்டத்தில் பதிவு செய்துகொண்ட கர்ப்பிணிகள். மற்றதில் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்கள். முதல் பட்டியலில் இருக்கும் பெண் சில மாதங்களில் இரண்டாவது பட்டியலில் வந்துவிட வேண்டும். ஒரு வட்டாரத்தில் கணிசமான பேர் வரவில்லை. அவர்களை எல்லாம் சிவப்பு நிறத்தில் காட்டி, ‘தொடர் கவனிப்பில் விடுபட்டவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, பெருமையோடு கூட்டத்தில் வைத்தேன்.

அந்த வட்டாரத்தின் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். பணியில் இருபது வருடம் கடந்தவர். “தம்பி, இதுல பாதி தலைப்பிரசவம். ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. என் ஊர்ல தேடினா எப்படிக் கிடைக்கும்? அவங்க அம்மா ஊர்ல தேடுங்க” என்றார்.

தேடினேன். பக்கத்து வட்டாரங்களில், பக்கத்து மாவட்டங்களில், பதிவு செய்த கர்ப்பிணிகளைவிடப் பிரசவங்கள் கூடுதலாக இருந்தன. இங்கே குறைந்தவர்கள் அங்கே கூடியிருந்தார்கள். ஆனால் பெயரை வைத்து அவர்களை இணைப்பது எளிதாக இல்லை. தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டும்போது முதல் எழுத்துக்குப் பின் ஒருவர் எச் சேர்க்கிறார், ஒருவர் சேர்ப்பதில்லை. ‘ழ’வுக்கு ஒருவர் இசட்-எச் போடுகிறார், ஒருவர் எல் போடுகிறார். கணவர் ஊரில் பதிந்தபோது கணவரின் இனிஷியல். அம்மா வீட்டு ஊரில் சேர்த்தபோது அப்பாவின் இனிஷியல். கணினிக்கு அவர்கள் நான்கைந்து வெவ்வேறு பெண்கள். கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கும் 12 இலக்க ஆர்சிஎச் எண் இருந்தால் மட்டுமே அந்தப் பெண் ஒரே பெண்ணாகத் தெரிகிறார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி செய்தபோது அது வீண் கெடுபிடி என்று சிலருக்குத் தோன்றியது. பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அவசியம் புரியும்.

பல வருடம் கழித்து வரி நிர்வாகம் சார்ந்த பகுப்பாய்வு வேலைக்கு மாறினேன். நண்பர்கள் “துறையே மாறிவிட்டதே” என்றார்கள். உட்கார்ந்து பார்த்தால் முன்னால் மறுபடியும் இரண்டு பட்டியல்கள். விற்றவர் ‘இன்னாருக்கு விற்றேன்’ என்று காட்டியது ஒன்று. வாங்கியவர் ‘இன்னாரிடம் வாங்கினேன், அதில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிறேன்’ என்று கேட்டது இன்னொன்று.

சுகாதாரமும் வரியும் ஒரே ஆளின் வேலையில் சேர்வது விசித்திரமாகத் தோன்றலாம். வரலாற்றில் அவை சேர்ந்தேதான் பிறந்தன. 1662-ல் லண்டனில் ஜான் கிராண்ட் என்ற சில்லறைத் துணிமணி வணிகர், நகரத்தில் வாரந்தோறும் அச்சான இறப்புப் பட்டியல்களைப் பல பத்தாண்டுகளுக்குச் சேர்த்து வைத்து ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். மக்கள்தொகைப் புள்ளியியலின் தொடக்கம் அதுதான் என்பார்கள். அதே 1662-ல் அவருடைய நண்பர் வில்லியம் பெட்டி வரிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பெட்டி படித்தது மருத்துவம். ஆக்ஸ்ஃபோர்டில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர். அயர்லாந்து நிலங்களை அளந்து கணக்கெடுத்தவர். எத்தனை பேர் இருக்கிறார்கள், எதனால் சாகிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்ற மூன்றும் அவர்களுக்கு ஒரே கேள்வியின் பகுதிகள்.

கிராண்ட் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கூட்டல் கழித்தல் இல்லை. அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று அவர் போய்ப் பார்த்தார். வீட்டில் ஒருவர் இறந்தால் அந்தப் பகுதியில் நியமிக்கப்பட்ட வயதான பெண்கள் வந்து உடலைப் பார்த்து காரணம் சொல்வார்கள். அதுதான் பட்டியலில் ஏறும். கொஞ்சம் மதுவும் வழக்கத்தைவிட இரட்டிப்புக் காசும் கொடுத்தால் பால்வினை நோய்ச் சாவு வேறு நோயாக மாறிவிடுகிறது என்று கிராண்ட் எழுதி வைத்தார். அந்த நோயால் இறந்தவர்கள் குறைவு என்று பட்டியல் சொன்னதை அவர் நம்பவில்லை.

முந்நூற்று அறுபது ஆண்டுகள் கழிந்தும் நிலைமை முழுதாக மாறவில்லை. நம் ஊர் மருத்துவமனைகளின் இறப்புக் காரணச் சான்றுகளைப் புரட்டினால் ‘இதயமும் சுவாசமும் நின்றதால்’ என்று எழுதியவை ஏராளம். சாகும் எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்கிறது. சர்க்கரை நோயா, பாம்புக்கடியா, காசநோயா என்பது அந்த வரியில் இல்லை. இப்படி எழுதப்பட்ட சான்றுகளை வைத்து ‘மாவட்டத்தில் மாரடைப்பு கூடிவிட்டது’ என்று வரைபடம் போடுகிற ஆய்வாளர், மாவட்டத்தைப் பற்றி எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

சிங்கூரில் கிடைத்த சூத்திரம்

இரண்டு பட்டியல்களிலும் இல்லாதவர்களை எப்படி எண்ணுவது? இந்தக் கேள்விக்கு நேர்த்தியான விடை ஒன்று இந்தியாவிலேயே கிடைத்தது. கல்கத்தாவுக்கு அருகில் சிங்கூரில் இருந்த சுகாதார மையத்தின் பகுதியில், அரசுப் பதிவேட்டில் ஏறிய பிறப்பு இறப்புகளையும், வீடு வீடாகக் கேட்டு எடுத்த பட்டியலையும் ஒப்பிட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்து சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றும் உலகம் முழுக்க அவர்கள் பெயரால் வழங்கும் முறை அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதிவேட்டில் 900 பிறப்புகள். வீட்டுக் கணக்கெடுப்பில் 800. இரண்டிலும் இருப்பவை 720. அப்படியானால் பதிவேட்டில் மட்டும் 180, கணக்கெடுப்பில் மட்டும் 80. இரண்டிலும் தப்பியவை எத்தனை? 180-ஐ 80-ஆல் பெருக்கி 720-ஆல் வகுத்தால் 20. ஆக மொத்தம் 1,000 பிறப்புகள். கண்ணால் யாரும் பார்க்காத 20 குழந்தைகள் அந்த வகுத்தலில் வெளியே வருகின்றன. முதல்முறை இதைப் போட்டுப் பார்த்த அன்று நான் சாப்பிடப் போகவில்லை.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பட்டியல்களும் ஒன்றை ஒன்று பார்த்து எழுதப்பட்டிருக்கக் கூடாது. கணக்கெடுப்பாளர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் இரண்டும் அழகாகப் பொருந்திவிடும். தப்பியவர்கள் பூஜ்யம் என்று வரும். அளவுக்கு மீறிப் பொருந்துகிற பட்டியல்களைக் கண்டால் எனக்கு இன்றும் சந்தேகம் வரும்.

இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் இதே அடிப்படையில்தான் நடக்கிறது. 1960-களின் நடுவில் சோதனையாகத் தொடங்கி, 1969-70-ல் நாடு தழுவிய அளவுக்கு வந்தது. தேர்ந்தெடுத்த ஊர்களில் பகுதிநேரக் கணக்கெடுப்பாளர் ஒருவர் பிறப்பு இறப்புகளை அவ்வப்போது பதிகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் தனியாக வந்து எல்லா வீட்டிலும் விசாரிக்கிறார். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மறுபடியும் அந்த வீட்டுக்கே போய் உறுதி செய்கிறார்கள். இந்த மூன்றாவது படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழ்நாட்டின் பேறுகால மரண விகிதம் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54, இந்தியாவுக்கு 97 என்று 2018-20-க்கான எண்கள் வந்தது இந்தத் திட்டத்திலிருந்துதான். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதிரி ஊர்களில் இப்படிப்பட்ட மரணங்கள் மிகக் குறைவு. ஒரே ஆண்டை எடுத்தால் ஓரிரு மரணங்கள் கூடினாலும் குறைந்தாலும் மாநிலத்தின் எண்ணே ஆடிப்போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘போன தடவை 58, இப்போது 54, நான்கு புள்ளி சாதனை’ என்று மேடைக்கு எழுதிக் கொடுப்பது தவறு. ஆய்வாளர் அந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும்.

பட்டியல் ஒப்பீடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாடு 2020-ல் நேரில் பார்த்தது. கொரோனா முதல் அலையில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளும் மாநில சுகாதாரத் துறையின் பட்டியலும் ஒத்துவரவில்லை. அரசு குழு அமைத்து, பதிவு பதிவாக ஒப்பிட்டது. மார்ச் முதல் தேதியிலிருந்து ஜூன் 10 வரை சென்னையில் நடந்த 444 மரணங்கள் கணக்கில் வராதவை என்று தெரிந்து, ஜூலை 22 அன்று அவை மொத்தத்தில் சேர்க்கப்பட்டன. அதைச் செய்தியில் ‘மறைத்த மரணங்கள்’ என்றார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிந்தது. ஓர் அரசு தன் இரண்டு பட்டியல்களை மேசையில் அருகருகே வைத்துப் பார்த்து, தன் எண்ணைத் தானே திருத்திக்கொண்டது. அது எளிதில் நடக்கிற காரியமில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் எளிமையான பிழை. பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. மேலே வந்தவை விழுந்துபோயின. 15,841 நோயாளிகள் சில நாட்கள் பட்டியலிலேயே இல்லை. அவர்களோடு பழகியவர்களுக்குத் தகவலும் போகவில்லை. ஏற்றிய வரிகள் எத்தனை, இறங்கிய வரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதை என்னோடு வேலை செய்கிற இளையவர்கள் சலிப்பான வேலை என்று நினைக்கும்போது இந்தக் கதையைச் சொல்வேன்.

இரண்டரைக் கிலோ, நாற்பது லட்சம்

பிறந்த குழந்தையின் எடை 2,500 கிராமுக்குக் கீழ் இருந்தால் குறைந்த எடைக் குழந்தை. ஒரு வட்டாரத்தின் பிறப்பு எடைகளை எல்லாம் வரைபடமாகப் போட்டேன். மேடு போல ஒழுங்காக ஏறி இறங்க வேண்டிய கோட்டில், 2.5 கிலோவில் மட்டும் தென்னை மரம் போல ஒன்று நின்றது. 2.4-ல் பள்ளம். தராசு துல்லியமில்லாததால் முழுமையாக்கி எழுதுவது ஒரு காரணம். 2.4 என்று எழுதினால் கூடுதல் வீட்டுப் பார்வைகள், கூடுதல் படிவங்கள், கூட்டத்தில் கேள்விகள் என்பது இன்னொரு காரணம். ரத்த அழுத்தப் பதிவுகளும் இப்படித்தான். 120/80, 130/80, 140/90 என்று வரிசை வரிசையாக வரும். 127 உள்ள மனிதரே அந்த ஊரில் இல்லாதது போல இருக்கும்.

வரித் தரவைத் திறந்தபோது அதே தென்னை மரம் வேறு இடத்தில் நின்றது. சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வரம்பு எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்றுக் கீழே கணக்குகள் குவிவது பல நாட்டு வரித் தரவுகளில் பார்க்கப்பட்ட ஒன்று. தமிழ்நாட்டுக்குள் சரக்கு நகர்த்த 1 லட்சம் ரூபாய்க்கு மேல் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும் என்றால், 99 ஆயிரம் ரூபாய் பில்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது ஆய்வாளரின் முதல் வேலைகளில் ஒன்று.

குவியலைக் கண்டதும் பொய் என்று முடிவு கட்டக் கூடாது. 2.5 கிலோ குழந்தைகளில் பெரும்பாலானவை உண்மையிலேயே அந்த எடையை ஒட்டித்தான் இருக்கும். 39 லட்சத்துக்கு விற்ற கடைக்காரரும் உண்மையாகவே 39 லட்சத்துக்கு விற்றிருக்கலாம். கூட்டமாகப் பார்த்தால் தெரிகிற தடம், தனி ஒருவர் மேல் வைக்கும் குற்றச்சாட்டாக ஆகிவிடாது.

விற்றவர் சொன்னது, வாங்கியவர் கேட்டது

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-ல் வந்தபோது அதன் முதுகெலும்பே பட்டியல் ஒப்பீடுதான். ஒவ்வொரு கட்டத்திலும் விற்பவர் வரி வசூலித்துக் கட்டுகிறார். வாங்குபவர் தான் கொடுத்த வரியைத் தன் பாக்கியில் கழித்துக்கொள்கிறார். இந்தக் கழிவைத்தான் வரவு என்கிறார்கள். விற்பவர் ஜிஎஸ்டிஆர்-1 என்ற ரிட்டர்னில், அதாவது வரிக் கணக்குப் படிவத்தில், பில் வாரியாகக் காட்டுகிறார். கழித்துக்கொண்டது ஜிஎஸ்டிஆர்-3பி என்ற சுருக்க ரிட்டர்னில் மொத்தத் தொகையாக வருகிறது. முதலில் போட்ட திட்டப்படி வாங்குபவரும் பில் வாரியாக ஒப்புக்கொள்ள வேண்டும். கணினி அமைப்பும் வணிகர்களும் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. சில மாதங்களிலேயே அதற்கான ரிட்டர்ன் நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் ஒரு பக்கம் விவரமான பட்டியல், மறுபக்கம் வெறும் கூட்டுத்தொகை என்ற நிலைமை வந்தது. பின்னால் வந்த தலைவலிகளில் பெரும்பகுதி இங்கிருந்து தொடங்கியது.

அரசு இந்த இடைவெளியைப் படிப்படியாக மூடியது. விற்பவர் காட்டாத பில்லுக்கு வாங்குபவர் எடுக்கக்கூடிய கூடுதல் வரவு 2019 அக்டோபரில் 20 சதவீதம், 2020 ஜனவரியில் 10, 2021 ஜனவரியில் 5, 2022 ஜனவரியிலிருந்து பூஜ்யம். இப்போது விற்பவர் காட்டினால்தான் வாங்கியவருக்கு வரவு. ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வாக்கில் ஜிஎஸ்டி போர்ட்டலில், விற்றவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்து வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கைதான் வாங்குபவரின் கணக்குப் புத்தகம் போல ஆகிவிட்டது.

இந்தக் கெடுபிடிக்கு நியாயமான காரணம் இருக்கிறது. சரக்கே நகராமல், வரவு எடுப்பதற்கான பில்லை மட்டும் விற்கும் கும்பல்கள் உண்மையிலேயே உண்டு. கூலி வேலை பார்க்கும் ஒருவரின் ஆதார், பான் நகலை ஏதோ கடனுக்கு என்று வாங்கி, அவர் பெயரில் ஒரு நிறுவனம் பதிந்து, கோடிக்கணக்கில் பில் போடுவார்கள். வரி கட்டாமல் மறைந்துவிடுவார்கள். நோட்டீஸ் அந்தக் கூலித் தொழிலாளியின் குடிசைக் கதவுக்கு வரும். 2023-ல் மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுக்க போலிப் பதிவுகளைக் களையத் தனி நடவடிக்கையே எடுத்தார்கள்.

இவற்றைக் கண்டுபிடிப்பதில்தான் தரவு ஆய்வாளரின் கைவேலை தெரியும். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, உரிமையாளரின் பான். இந்த ஒன்றை வைத்தே ஒரே ஆள் எத்தனை மாநிலங்களில் பதிந்திருக்கிறார் என்று பார்க்கலாம். பிறகு ஒரே செல்பேசி எண்ணில் எத்தனை நிறுவனங்கள், ஒரே மின் இணைப்பைக் காட்டி எத்தனை முகவரிகள் என்று தேடலாம். அ விற்றது ஆ-வுக்கு, ஆ விற்றது இ-க்கு, இ விற்றது மறுபடியும் அ-வுக்கு என்று வட்டம் போடுகிறதா என்று பார்க்கலாம். இ-வே பில்லில் எழுதிய வண்டி எண்ணை வாகனப் பதிவோடு வைத்துப் பார்த்தால், பத்து டன் இரும்பை ஏற்றிப்போனதாகச் சொல்லப்பட்ட வண்டி ஒரு ஸ்கூட்டராக இருக்கும். நோய்ப் பரவலில் யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று கோடு போட்டுப் பழகிய கைக்கு இந்த வரைபடம் புதிதில்லை. நான் துறை மாறியபோது என்னோடு உருப்படியாக வந்த திறமை அதுதான்.

பிழையின் விலை

ஆனால் ஒரு விஷயத்தை நான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கற்பதற்கு ஒருவர் விலை கொடுத்தார்.

சுகாதாரத்தில் நான் தவறாக ஒரு பெயரை ‘விடுபட்டவர்’ என்று குறித்தால், செவிலியர் ஒருமுறை வீண் நடை நடப்பார். அந்தப் பெண் அம்மா வீட்டில் நலமாக இருப்பது தெரியும். சிரித்துக்கொண்டு திரும்பி வருவார். ஒரு உண்மையான ஆபத்தைத் தவறவிடுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அதனால் வலையை அகலமாக வீசுவதுதான் சரி என்று பழகியிருந்தேன்.

அதே பழக்கத்தோடு வரிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். வரவு எடுத்ததற்கும் விற்றவர்கள் காட்டியதற்கும் வித்தியாசம் உள்ள வணிகர்கள். வரம்பைத் தாழ்வாக வைத்தேன். நிறையப் பெயர்கள் வந்தன. அதில் ஒருவர் ஒரு சிறு ஊரின் ஹார்டுவேர் கடைக்காரர். மஞ்சள் பையில் பில் கட்டுகளோடு அலுவலகத்துக்கு வந்தார். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பில் இருந்தது, வங்கி மூலம் பணம் போனதற்குச் சான்று இருந்தது, லாரி ரசீது இருந்தது. சப்ளையரின் கணக்காளர் இவருடைய பில்களை, ஜிஎஸ்டி எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றதாகக் காட்டும் பகுதியில் பதிந்துவிட்டார். அரசுக்கு வரி போய்ச் சேர்ந்திருக்கிறது. இவர் பெயரில் மட்டும் தெரியவில்லை. “ரெண்டு நாள் கடை அடைச்சிருக்கு சார். ஆடிட்டருக்கு வேற கொடுக்கணும். நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. வரம்பைத் தாழ்த்தி வைத்தது நான்.

இப்படிப்பட்ட பிழைகள் ஆயிரக்கணக்கில் நடந்தன என்பது அரசுக்கும் தெரியும். 2022 டிசம்பரில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஜிஎஸ்டியின் முதல் இரண்டு நிதியாண்டுகளுக்கு, விற்றவர் தவறாகப் பதிந்ததால் வந்த வித்தியாசத்தை எப்படித் தீர்ப்பது என்று அதில் வழி சொல்லப்பட்டது. ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் ஆடிட்டர் சான்று. அதற்குக் கீழ் என்றால் சப்ளையரே கையெழுத்திட்ட சான்று போதும். மாதிரிப் பதிவுத் திட்டத்தில் பொருந்தாத பெயருக்காக மறுபடியும் வீட்டுக்குப் போகிறார்களே, அந்த மூன்றாவது படிதான் இது. தாமதமாக, காகித வடிவில் வந்தது.

வித்தியாசம் கண்டால் அதிகாரி ஏஎஸ்எம்டி-10 என்ற படிவத்தில் விளக்கம் கேட்கிறார். பதில் சொல்ல 30 நாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டீஸ் போர்ட்டலில் ஏறுகிறது. அதுவும் சில காலம் ‘கூடுதல் நோட்டீஸ்கள்’ என்ற தனிப் பகுதிக்குள். பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் பல சிறு வணிகர்களுக்கு ஆடிட்டருடையவை. வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் விஷயமே தெரிகிறது. சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வழக்குகளில், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டச் சொல்லி, ஒருதலையாகப் போட்ட ஆணைகளை ரத்து செய்து, மறுபடியும் விசாரிக்க அனுப்பியிருக்கிறது. பட்டியல் தயாரிப்பவர் இந்தத் தீர்ப்புகளைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் போடும் ஒரு வடிகட்டியின் மறுமுனையில் இவ்வளவும் நடக்கிறது.

பட்டியல் ஒப்பீடு எவ்வளவு தூரம் கெட்டுப்போகலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். அங்கே வரித் துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தையும், நலத்துறை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்த உதவித்தொகையையும் கணினி மூலம் ஒப்பிட்டார்கள். ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரமும் அந்த நபர் அவ்வளவு சம்பாதித்ததாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஆறு மாதம் வேலை பார்த்து இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 26,000 சம்பாதிக்கிறார். அடுத்த ஆறு மாதம் வேலை இல்லாமல் உதவித்தொகை பெறுகிறார். சட்டப்படி அவர் செய்தது சரி. கணினி வகுக்கிறது: இரண்டு வாரத்துக்கு 1,000. ஆக, உதவி பெற்ற காலத்திலும் 1,000 சம்பாதித்து மறைத்தார், பணத்தைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் போகிறது.

சுமார் 4.3 லட்சம் பேர் மேல் 170 கோடி டாலருக்கு மேல் இப்படிச் சட்டவிரோதமாகக் கடன் சுமத்தப்பட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரோபோடெட். முன்பெல்லாம் வித்தியாசம் தெரிந்தால் ஓர் ஊழியர் முதலாளியைக் கூப்பிட்டு விசாரிப்பார். செலவு மிச்சம் என்று அந்தப் படியை எடுத்துவிட்டு, நிரூபிக்கும் பொறுப்பைக் கடிதம் பெற்றவர் மேல் வைத்தார்கள். மகனை இழந்த தாய்மார்கள் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். ஆணையத்தின் அறிக்கை 2023 ஜூலையில் வெளிவந்தது. சராசரி எடுப்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. உழைத்த மாதமும் உழைக்காத மாதமும் ஒன்றில்லை என்பதை மறந்ததுதான் பிழை.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

சுகாதாரப் பக்கம் நுழைவாயில்கள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். தேசிய சுகாதாரக் குழுமம், மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுகள் போன்றவற்றில் தொகுப்பூதியத்தில் எடுப்பார்கள். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். சம்பளம் வேலைக்கு ஈடாக இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. நல்ல ஆட்கள் இரண்டு மூன்று வருடத்தில் தனியார் நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு அந்த மாவட்டத்தின் தரவு நினைவும் போய்விடுகிறது. இது சரிசெய்யப்பட வேண்டிய விஷயம். நிரந்தர வழிகள் என்றால் புள்ளியியல் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தும் தேர்வு, யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இந்தத் துறையில் முறையாகப் படிக்க நல்ல இடம். வரிப் பக்கம் வணிகவரித் துறைக்குள் குரூப் 1, குரூப் 2 வழியாகப் போய்ப் பகுப்பாய்வுப் பிரிவுக்கு வருபவர்கள் உண்டு. வெளியிலிருந்து ஆலோசனை நிறுவனங்கள் மூலமாக வருபவர்களும் உண்டு.

தரவைக் கையாளும் கணினி மொழிகளான எஸ்க்யூஎல், பைதான் அல்லது ஆர், கொஞ்சம் மாதிரிக் கணக்கெடுப்பின் புள்ளியியல்: இவை ஓராண்டில் கைவரும். பெயர் பொருத்தும் மென்பொருள்கள் வெள்ளைக்காரப் பெயர்களுக்கு எழுதப்பட்டவை. நம் இனிஷியல்களுக்கும் ழகரத்துக்கும் நாமே விதி எழுத வேண்டியிருக்கும். சட்டத்தைப் படிக்கப் பழகுவதுதான் பலருக்குக் கடினம். ரகசியம் காப்பதும் அதில் சேரும். வணிகர் கொடுத்த தகவலை வெளியிடக் கூடாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 158-ஆம் பிரிவு சொல்கிறது. எச்ஐவி சட்டம், 2017 ஒருவரின் நிலையை வெளியிடுவதைத் தடை செய்கிறது. பெயர் போடாவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு சிற்றூரின் அட்டவணையில் எச்ஐவி கட்டத்தில் ‘1’ என்று இருந்தாலே ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

என்னோடு புதிதாகச் சேர்பவர்களை முதல் மாதத்திலேயே இரண்டு இடங்களுக்கு அனுப்புவேன். ஒன்று, ஏதாவது ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையத்துக்கு, புதன்கிழமை, தடுப்பூசி நாளில். செவிலியர் ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நோட்டில் எழுதுவார்; நாற்பது குழந்தைகள் முடிந்த பிறகு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போர்ட்டலில் ஏற்றுவார். இன்னொன்று, 20-ஆம் தேதி மாலை ஒரு சிறு ஊர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு. ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கடைசி நாள். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பெண் மூன்று கடைகளின் பில் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருப்பார். ஓடிபி கேட்டு ஒரு கடைக்காரருக்குப் போன் போகும். அவர் எடுக்க மாட்டார். மணி ஒன்பதாகும். அந்தப் பெண் ஒரு பதினைந்து இலக்க எண்ணைத் தட்டிவிட்டு, சரிபார்க்க நேரமில்லாமல் அடுத்ததற்குப் போவார்.